வயிற்று டயாலிசிஸ் போட்டால் பக்கவாதம் வருமா?

9 ஆகஸ்ட் 2024 – கேள்வி, வியாசர்பாடியிலிருந்து

அம்மாவுக்கு 58 வயது. 20 வருடமாக சர்க்கரை, பிரஷரும் உண்டு. கிட்னி கழிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 8 தாண்டிவிட்டது. ஹீமோவா (ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்வது), பெரிட்டோனியலா (பையிலிருந்து வயிற்றுக்குள் நீர் விட்டு எடுப்பது), வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்கிறார் டாக்டர். எங்கள் தெருவில் ஒருவர் வயிற்றில் குழாய் வைத்து இரண்டு வருடம் பை மாற்றிக்கொண்டிருந்தார். போன மாசம் கை கால் இழுத்துக்கொண்டது. வயிற்று டயாலிசிஸ் போட்டால் ஸ்ட்ரோக் நிச்சயம் என்று தெருவே சொல்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட், இரவு 11 மணி – பதில், தண்டையார்பேட்டையிலிருந்து

அவருக்குக் கை கால் விழுந்தது உண்மையாக இருக்கும். குழாயால் விழுந்தது என்பதுதான் இடிக்கிறது. கிட்னி போனவர்களுக்கு, எந்த டயாலிசிஸ் செய்தாலும், மற்றவர்களைவிடப் பக்கவாத ஆபத்து பல மடங்கு. சர்க்கரையும் பிரஷரும் கிட்னியைக் கெடுக்கும்போதே மூளைக்குப் போகும் ரத்தக் குழாயையும் கெடுத்துக்கொண்டுதான் வந்திருக்கும். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். இதில் வயிற்றுக் குழாய் செய்தது என்ன?

எங்கள் நைனா நாலு வருடமாகப் பிடியில் (பெரிட்டோனியல், அதாவது வயிற்று டயாலிசிஸ்) இருக்கிறார். அவருக்கும் 2022 ஜூனில் ஸ்ட்ரோக் வந்தது. இருந்தும் சொல்கிறேன்: பிடி பாதுகாப்பு, ஹீமோதான் ஆபத்து. தைரியமாகப் போடுங்கள்.

10 ஆகஸ்ட்

நைனா என்றால் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா. தண்டையார்பேட்டையில் இது தெரியாதவர் கிடையாது, கேட்டவர் அண்ணாநகராக இருக்கும்.

11 ஆகஸ்ட்

முந்தாநாள் நான் எழுதியதில் பிடி பாதுகாப்பு, ஹீமோதான் ஆபத்து என்ற கடைசி வரியை அடித்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

பக்கவாதத்தில் இரண்டு வகை. ஒன்று ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது, இன்னொன்று வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது. ஹீமோவில் ரத்தம் மெஷினுக்குள் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். நாலு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீரை இழுப்பார்கள், அதனால் பிரஷர் சட்டென்று விழுவது உண்டு. வயிற்று முறையில் ஹெப்பாரின் ரத்தத்தில் போவதில்லை, நீரும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதனால் கசிவு வகைக்குப் பிடி கொஞ்சம் சாதகம். தைவானில் தேசியக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தவர்கள் இதைத்தான் கண்டார்கள்: கசிவு வகை பிடிக்காரர்களுக்குக் குறைவு, அடைப்பு வகையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மூளையில் ரத்தக் கசிவு வந்தவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டால், தலைக்குள் அழுத்தம் திடீரென்று ஏறி இறங்காது என்பதால் வயிற்று முறையை யோசிக்கும் டாக்டர்களும் உண்டு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடிக்கு வருபவர்கள் பல ஊர்களில் வயது குறைந்தவர்கள், கொஞ்சம் தெம்பானவர்கள். அவர்களுக்கு ஸ்ட்ரோக் குறைவு என்றால் பாதிப் பெருமை அவர்கள் உடம்புக்கு, மீதிதான் முறைக்கு.

இன்னொன்று. டயாலிசிஸ் தொடங்குவதை ஒட்டிய மாதங்களில்தான் ஸ்ட்ரோக் அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். அதனால் உங்கள் அம்மாவுக்கு எது என்று முடிவாகும்வரை பிரஷரை விட்டுவிடாதீர்கள். பேசிக்கொண்டே இரண்டு மாசம் ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் அதில் ஒன்று.

14 ஆகஸ்ட்

நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்த அன்று நடந்ததை எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நைனா காசிமேட்டில் மீன் ஏலத்தில் எடை போட்டவர். 2020 கொரோனாவில் வாரம் மூன்று நாள் வெளியே போய்வர பயந்து பிடி எடுத்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை, இரண்டு லிட்டர் பை. விடிகாலை ஐந்து மணிப் பையை அவரே தனியாக மாற்றிவிடுவார். யாரையும் எழுப்ப மாட்டார். மார்க்கெட் பழக்கம், அந்த நேரத்தில் தூக்கம் வராது.

2022 ஜூன் முதல் வாரம் ஒரு சாயங்காலம். பை மாற்றி முடித்து, குழாய் நுனியில் புது மூடி போட வேண்டும். உள்ளே பழுப்பு நிறத்தில் அயோடின் பஞ்சு வைத்த சின்ன மூடி அது. இடது கையில் குழாயைப் பிடித்து வலது கையால் திருகுவார். அன்றைக்குக் குழாய் கையிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. "இன்னாடா இது, கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். அம்மா ஓடிவந்து மூடியைப் போட்டாள். பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது. படுத்த பக்கம் மரத்திருக்கும் என்று விட்டுவிட்டோம். பகல் முழுக்க அவர் படுக்கவே இல்லை என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

அதற்கு டிஐஏ என்று பெயர். அடைப்பு வந்து தானாக விலகுவது. விலகிவிட்டதே என்று நிம்மதி அடைவதற்குப் பதில் அன்றைக்கே ஓட வேண்டியது அது. அடுத்த சில நாட்களில்தான் பெரியது வரும் ஆபத்து அதிகம். எங்களுக்கு ஒன்பதாம் நாள் வந்தது.

காலை ஆறு மணிக்கு அம்மா காபி கொடுத்தாள். டம்ளர் கீழே. வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, பேச்சு குளறுகிறது. ஆட்டோ பிடித்து ஆறரைக்குப் பக்கத்து நர்சிங் ஹோம். டிரிப் போட்டார்கள், எட்டு மணிக்கு டாக்டர் வருவார் என்றார்கள். அங்கே சிடி ஸ்கேன் கிடையாது. அதை முதலிலேயே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு வந்த டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். கன்டெய்னர் லாரி வரிசையில் ஊர்ந்து, மூடிய ரயில்வே கேட் முன்னால் நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது 8.40.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் முதலில் கேட்டது: "கடைசியா இவர் நல்லா இருந்ததை எப்ப பாத்தீங்க?" நாங்கள் பார்த்தது ராத்திரி 11 மணிக்கு. அப்படியென்றால் எல்லாம் முடிந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், கணக்கு கடைசியாக நல்லபடி இருந்த நேரத்திலிருந்து.

பிடி ஃபைலோடு, தினமும் பை அளவு, எடை, பிரஷர் எழுதி வைக்கும் நோட்டும் வந்திருந்தது. பிரித்துக் காட்டினேன். 5.10, பை 2200, நைனாவின் கையெழுத்து கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் கேட்டார், "இந்த மூடியை ஒத்தைக் கையால போட முடியுமா?" முடியாது. அப்போ 5.10க்கு இரண்டு கையும் நல்லா இருந்தது. கடிகாரம் 11 மணியிலிருந்து 5.10க்கு நகர்ந்தது. அந்த ஒரு நிமிடம் அந்த நோட்டு எங்களுக்குக் குலசாமி மாதிரி.

ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனால் பிரஷர் 210/116. 185/110க்குக் கீழே வந்தால்தான் ஊசி. இறக்கிப் பார்த்தார்கள். 9.40 தாண்டியும் இறங்கவில்லை. பெரிய குழாயில் அடைப்பு இல்லாததால் கம்பி விட்டு எடுக்கவும் வேலை இல்லை. அவ்வளவுதான்.

15 ஆகஸ்ட்

108ஐ ஏன் கூப்பிடவில்லை என்று திட்டியிருக்கிறீர்கள். நியாயம். ஆட்டோ வாசலிலேயே நின்றது, அவ்வளவுதான் காரணம். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இரண்டே வரி: "வாய் கோணல், கை தொங்கல், பேச்சு குளறல் – 108." "சிடி இருக்கா என்று கேள்." மாத்திரை, டிரிப், தெருக்கோடி டாக்டர் எதுவும் அதில் இல்லை.

டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த ஊசி போடவே கூடாது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. கிட்னி போனதாலேயே மறுப்பதில்லை, ரத்தம் உறையும் டெஸ்ட் சரியாக இருந்தால் போடலாம். ஹீமோக்காரர்களுக்கு அன்றைய ஹெப்பாரின் உடம்பில் இருக்கிறதா என்று கூடுதலாகப் பார்ப்பார்கள்.

18 ஆகஸ்ட்

நோட்டைக் குலசாமி என்றேன் அல்லவா. அந்தக் குலசாமியே எங்களைக் காட்டியும் கொடுத்தது.

வார்டில் உட்கார்ந்து வேலை இல்லாமல் பின்பக்கம் புரட்டினேன். எடை: மே நடுவில் 60. பிறகு 60.4, 61, 61.2, 61.8. ஸ்ட்ரோக் வந்த வாரம் 63.2. பிரஷர் 140இல் தொடங்கி 150, 160, 170. அத்தனை வாரமும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறோம். ஒருவரும் படிக்கவில்லை. நான் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்ப்பவன். சரக்குச் சீட்டில் ஒரு கிலோ வித்தியாசம் வந்தால் பத்து போன் போடுவேன். வீட்டில் மூன்று கிலோ தண்ணீர் ஏறியது கண்ணில் படவில்லை.

ஏன் படவில்லை என்றால், பக்கத்துக் கட்டம் நன்றாக இருந்தது. பையில் வெளியே வந்தது தடவைக்கு 2200, போட்டது 2000. ஒரு பைக்கு 200 மில்லி லாபம், நாலு பைக்கு 800. டாக்டரும் அதைப் பார்த்து "நல்லா எடுக்குது" என்பார். அந்த 800 பொய்.

முதல் பொய், பை. இரண்டு லிட்டர் என்று போட்டிருக்கும் பையில் கொஞ்சம் கூடுதலாகவே நீர் இருக்கும். புதுப் பையைத் திறந்ததும் குழாயைக் கழுவ சில நொடி நேராகக் கழிவுப் பைக்கு ஓடவிடுகிறோமே, அதற்கு. அந்தக் கழுவிய நீர் சுமார் 100 மில்லி வயிற்றுக்குள் போகவே இல்லை. ஆனால் கழிவுப் பையை நிறுத்தினால் அதுவும் சேர்ந்துதான் எடை காட்டும். ஆக 200இல் 100 போச்சு.

இரண்டாவது பொய், தராசு. நைனா மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த கொக்கித் தராசு, கடல் காற்றில் துருப்பிடித்தது. இரண்டு கிலோ படிக்கல்லை மாட்டிப் பார்த்தேன். 2 கிலோ 60 கிராம். இன்னொரு 60 போச்சு.

மிச்சம் பைக்கு 40. நாலு பைக்கு 160 மில்லி. அவர் குடிப்பது ஒரு லிட்டர், சிறுநீர் 300 போனால் அதிகம். உடம்பில் தேங்காமல் எங்கே போகும்? நீர் தேங்கினால் பிரஷர் ஏறும், ஏறிய பிரஷர் வேலையைக் காட்டியது. முறை எது என்று தெருவே சண்டை போடுகிறது. எங்கள் வீட்டில் விழுந்த ஓட்டை தராசில்.

19 ஆகஸ்ட்

"காலிப் பையின் எடையைக் கழித்தீர்களா?" என்று ஒரு கணக்குப்பிள்ளை. நைனாவிடம் கேட்டேன். "ஏன்டா, கூடைக் கழிவு கழிக்காம எவனாவது மீன் நிறுப்பானா?" என்றார். கழித்திருக்கிறார். ஏலக்காரனிடம் ஏமாறாதவர் பையிடம் ஏமாந்தார்.

25 ஆகஸ்ட்

உப்பு பற்றிக் கேட்டவருக்கு.

டயட் அட்டையில் ஊறுகாய், அப்பளம் வேண்டாம் என்று அச்சடித்திருக்கும். எங்கள் வீட்டில் ஊறுகாய் யாரும் தொடுவதில்லை, அதனால் உப்பில்லாத வீடு என்று நினைத்திருந்தோம். வஞ்சிரக் கருவாடு வாரம் இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமை பீச் பக்கத்தில் அத்தோ. பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், கூட வாழைத்தண்டு சூப்பு. அந்த சூப்பில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. உலக சுகாதார நிறுவனம் சாதாரண ஆட்களுக்கே நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் என்கிறது.

தண்ணீரைக் குறை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தவனிடம் தண்ணீரைப் பிடுங்குவது சண்டையில்தான் முடியும். உப்பைக் குறைத்த பிறகு சொம்பு தானாகக் குறைந்தது. கருவாட்டை இரண்டு தடவை வெந்நீரில் அலசி மாசம் ஒரு தடவை என்று சமாதானம். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

ராத்திரி தூங்கும்போது மெஷின் வைத்துப் பிடி பை மாற்றுபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பையை உள்ளே விட்டுச் சீக்கிரம் சீக்கிரம் எடுத்தால் முதலில் நீர்தான் வெளியே வரும், உப்பு பின்தங்கும். அளவு அழகாகத் தெரியும், உப்பு உள்ளேயே நிற்கும், பிரஷர் இறங்காது. பகலில் ஒரு நீண்ட பை சேர்ப்பது இதற்காகவும்தான்.

26 ஆகஸ்ட்

அத்தோவைக் குறை சொன்னதற்கு வியாசர்பாடியிலிருந்து கண்டனம் வந்திருக்கிறது. வாபஸ் வாங்குகிறேன். சூப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

2 செப்டம்பர்

எழுதாமல் விட்ட தப்பு ஒன்று.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். பைகளில் மஞ்சள், பச்சை, சிவப்பு உண்டு. சர்க்கரை 1.5, 2.5, 4.25 சதவீதம். சர்க்கரை ஏற ஏற நீரை அதிகமாக இழுக்கும். யாரையும் கேட்காமல் நான் நாலு நாள் சிவப்பைச் சேர்த்துப் போட்டேன். எடை 58க்கு இறங்கியது, எனக்கு ஒரே சந்தோஷம். ஐந்தாம் நாள் பாத்ரூமிலிருந்து எழுந்தவர் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தார். நிற்கும்போது பிரஷர் 94. ஏற்கெனவே சுருங்கிய குழாயில் ரத்த ஓட்டம் இப்படிக் குறைந்தால் அதுவும் அடைப்பு வகை ஸ்ட்ரோக்குக்குப் பாதைதான். டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து பிரஷரை உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பார்க்கிறோம்.

சிவப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. இரண்டு லிட்டரில் 85 கிராம் சர்க்கரை. அதில் பாதிக்கு மேல் உடம்புக்குள் போய்விடும். சர்க்கரை நோயாளிக்கு அது என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். நீரை வடிகட்டும் வயிற்றுச் சவ்வும் வருடக்கணக்கில் இந்தச் சர்க்கரையில் ஊறிக் களைத்துப்போகும்.

4 செப்டம்பர்

ரத்தம் ஏற ஊசி போடுகிறோமே, ஹீமோகுளோபின் 10க்கு மேல் ஏறவில்லை, டோஸ் கூட்டச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவசரப்படாதீர்கள். 2009இல் வந்த ட்ரீட் என்ற பெரிய ஆய்வில், சர்க்கரையும் கிட்னிக் கோளாறும் உள்ளவர்களுக்கு, டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில், ஹீமோகுளோபினை 13க்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது, 2.6 சதவீதத்துக்குப் பதில் 5. அதனால்தான் இப்போது 11, 11.5க்கு மேல் வேண்டுமென்றே ஏற்றுவதில்லை. உங்கள் டாக்டர் கஞ்சத்தனத்தால் நிறுத்தி வைக்கவில்லை.

கொழுப்பு மாத்திரை எல்லோருக்கும் போடலாமே என்றும் ஒரு யோசனை. கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு அது ஸ்ட்ரோக்கைத் தடுப்பது நிஜம். டயாலிசிஸில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. 2005இல் ஜெர்மனியில் ஹீமோ செய்த சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சாப்பிடுபவர் தொடரலாம், டயாலிசிஸுக்கு வந்தபின் புதிதாகத் தொடங்குவதில்லை என்பதுதான் இப்போது பொதுவான வழி. நைனா முன்பிருந்தே சாப்பிடுகிறார், தொடர்கிறார்.

நாடித் துடிப்பு ஒழுங்கில்லாமல் குதித்தால் மட்டும் உடனே ஈசிஜி. இதய மேலறை படபடத்தால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். டயாலிசிஸ்காரர்களிடம் அது அதிகம். பிரஷர் மெஷினில் துடிப்பு ஒழுங்கில்லை என்ற குறி வந்தால் சும்மா விடாதீர்கள்.

17 அக்டோபர்

மழை. முந்தாநாள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஊரே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தியது, நாங்கள் பை அட்டைப்பெட்டிகளைக் கட்டில் மேல் ஏற்றினோம். ஹீமோவாக இருந்தால் இந்த இரண்டு நாளும் சென்டருக்குப் போக வழியில்லை. மின்சாரம் போனாலும் கையால் மாற்றுவதற்கு ஒன்றும் ஆகவில்லை, டார்ச் அடித்து மாற்றினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இப்படித்தான். பிடியின் பக்கம் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

18 அக்டோபர்

பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா தனியாக எழுதியது, எல்லோருக்கும் தேவைப்படும். அவர் கணவர் ராத்திரிப் பைக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் (சர்க்கரைக்குப் பதில் மாவுப்பொருள் கலந்த பை நீர்) போடுகிறவர். ஒரு காலை பேச்சு குளறி, வியர்த்து, ஆள் மாறிப் பேசினார். ஸ்ட்ரோக் என்றே நினைத்தார்கள். குளுகோமீட்டரில் சர்க்கரை 180. ஆஸ்பத்திரி லேபில் பார்த்தால் 42.

ஐகோடெக்ஸ்ட்ரின் உடம்பில் உடைந்து மால்டோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரை ஆகும். ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்ற வகை ஸ்ட்ரிப் மால்டோஸையும் குளுகோஸ் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். சர்க்கரை தாழ்ந்து கிடப்பது மறைந்துபோகும். தாழ்ந்த சர்க்கரை அச்சு அசலாக ஸ்ட்ரோக் மாதிரியே நடிக்கும். அந்தப் பை போடுபவர்கள் ஸ்ட்ரிப் பெட்டியை இன்றே திருப்பிப் பாருங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடமும் சொல்லுங்கள், அவர்கள் கையில் எந்த மீட்டர் இருக்கும் என்று யார் கண்டது.

எங்கள் தராசுதான் பெரிய பொய்யன் என்று நினைத்திருந்தேன்.

3 டிசம்பர்

கேள்வி கேட்டவர் நாலு மாசம் கழித்து வந்திருக்கிறார். அம்மாவுக்குக் குழாய் வைத்தாகிவிட்டது, இரண்டு வாரத்தில் பை தொடங்கப்போகிறார்கள். அரசு மூலமாகப் பை வீட்டுக்கே வருமா என்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே வீட்டுக்குப் பை கொடுப்பதும் அதில் இருந்தது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் பதிந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பிடி போட்டால் ஸ்ட்ரோக் வருமா என்று கேட்டீர்கள். ஸ்ட்ரோக் வந்தால் பிடி என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்திருக்கவில்லை. நைனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் பை மாற்றும் நேரம். கை கழுவி, மாஸ்க் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். இடது கை மடியில் கிடந்தது. குழாயை எடுத்துப் பார்த்தார், முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கப் பார்த்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்தார். இரண்டு வருடம் யாரையும் எழுப்பாமல் செய்த மனுஷன். அம்மா அதற்கு முன்னால் மூடி போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் பயந்து. ஒரு வாரம் பதறிக் கற்றுக்கொண்டாள். அந்த மாசமே கழிவுப் பை கலங்கலாக வந்து, வயிற்றில் கிருமி, மருந்தைப் பைக்குள் கலந்து இரண்டு வாரம். அவள் மேல் தப்பில்லை. முதல் நாளே இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு அம்மாவோடு நீங்களும் போங்கள், உங்கள் மனைவியும் போகட்டும். வீட்டில் மூன்று பேர் கையாவது அந்த மூடிக்குப் பழகட்டும்.

தராசு புதிதாக வாங்குங்கள். டிஜிட்டல் ஒன்று போதும். மாசம் ஒரு தடவை தெரிந்த எடையை மாட்டிப் பாருங்கள்.

3 டிசம்பர், கொஞ்சம் கழித்து

தெருவில் கை கால் விழுந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க மறந்துவிட்டேன். அவருக்கு இப்போது யார் பை மாற்றுகிறார்கள்?

5 டிசம்பர்

பதில் வந்திருக்கிறது. அவர் மகள், பத்தாவது படிக்கிறாள், ஸ்கூலுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் மாற்றுகிறாள். மத்தியானப் பையை விட்டுவிடுகிறார்களாம். விட்டால் நீர் நிற்கும். வியாசர்பாடி நண்பரே, பயிற்சிக்குப் போகும்போது அவர் வீட்டம்மாவையும் கூட்டிப்போக முடியுமா? பிடி நர்ஸிடம் கேளுங்கள், மறுபடி சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் நோட்டையும் எடுத்துப்போங்கள்.

8 டிசம்பர்

வாரக் கணக்கு கேட்டவர்களுக்கு, இன்று காலை எழுதியது: எடை 59.8. பிரஷர் உட்கார்ந்து 138/80, நின்று 130/78. பை 2240, கூடைக் கழிவு போக. கழுவிய நீர் 100 கழித்து, லாபம் 140. மாற்றியது அம்மா, எழுதியது நைனா. கீழே பென்சிலில் இன்னொரு வரி, எனக்கு: "கருவாடு மாசம் ஒரு தபா. இந்த மாசம் இன்னும் வரல."